டாலர் தீர்ந்த நாட்டில் மருந்துச் சீட்டு

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ தரப்படும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தால், அது தமிழ்நாடு அரசின் மருந்து, விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்டிருக்கும். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்யும் தொழிலாளிக்கும், ஏற்காட்டு எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கும் பெண்ணுக்கும், ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் கூலிக்காரருக்கும் அதே அட்டைதான். ஓ.பி. சீட்டைக் காட்டினால் காசில்லாமல் கிடைக்கிறது. தவறாமல் கிடைப்பதாலேயே, அது எந்த வழியாக வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஒரு நாடு கடனில் மூழ்கும்போது அந்த அட்டைக்கு என்ன ஆகும் என்று புரிய வேண்டுமானால், முதலில் அந்த வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கப்பட்டது. அதன் வேலை முறை கேட்பதற்கு எளிமையானது. மாநிலத்துக்கு எந்தெந்த மருந்துகள் அவசியம் என்று ஒரு பட்டியல் போடுவது, கம்பெனிப் பெயரில் அல்லாமல் மருந்தின் மூலப் பெயரிலேயே மாநிலம் முழுவதற்கும் சேர்த்து ஒரே டெண்டர் விடுவது, வரும் சரக்கை மாவட்டக் கிடங்குகளில் வைத்து, மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறிய பிறகே மருத்துவமனைகளுக்குக் கொடுப்பது. சேலத்திலும் அப்படி ஒரு கிடங்கு இருக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. அதில் எழுதியிருக்கும் ஒதுக்கீட்டுக்குள் தங்களுக்கு வேண்டியதை அவர்களே எடுத்துக்கொள்ளலாம். கிடங்கில் சுமார் மூன்று மாதத் தேவைக்கான கையிருப்பு இருக்க வேண்டும் என்பது விதி. மொத்தமாக வாங்குவதால் விலை பாதாளத்துக்கு இறங்குகிறது. கடையில் விற்கும் விலையோடு ஒப்பிட்டால் நம்பவே முடியாத அளவுக்குக் குறைவு. இந்திய மாநிலங்கள் பலவும் பின்னர் இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்துக்கொண்டன.

இந்த முறையின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் நல்ல கொள்முதல் முறை ஒன்று இருந்துவிட்டால் மட்டும் போதாது என்பதைக் கடலுக்கு அந்தப் பக்கம் 2022இல் கண்ணால் பார்த்தோம். ஏனென்றால் இலங்கையிடம் இதைவிடப் பழைய, இதற்குச் சற்றும் குறையாத முறை ஒன்று இருந்தது.

முன்னோடியாக இருந்த நாடு

இலங்கையில் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைக் கட்டணம் 1950களின் தொடக்கத்திலேயே நீக்கப்பட்டது. மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் உருவானது. நாட்டுக்குள் இறக்குமதியாகிக்கொண்டிருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துகளைச் சலித்து, உண்மையில் தேவைப்படும் சுமார் 600 மருந்துகளாகக் குறைத்தார்கள். அவற்றை நாடு முழுவதற்கும் ஒரே இடத்திலிருந்து, உலகச் சந்தையில் போட்டி விலை கேட்டு வாங்கினார்கள். உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் மாதிரிப் பட்டியலை வெளியிட்டது 1977இல்தான். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சின்னத் தீவு அந்த வேலையைச் செய்து காட்டியது. தாய்மார் இறப்பையும் சிசு மரணத்தையும் குறைத்ததில் இலங்கை தெற்காசியாவில் முன்னணியில் நின்றதற்குப் பின்னால் இந்த நீண்ட உழைப்பு இருக்கிறது.

அப்படிப்பட்ட நாட்டில்தான் 2022 மார்ச் இறுதியில் பேராதனை போதனா மருத்துவமனை, மருந்து போதாமல், முன்கூட்டியே நாள் குறித்திருந்த அறுவை சிகிச்சைகளை நிறுத்தியது. சேனக பிபிலே பாடம் நடத்திய அதே ஊர். மனத்தைக் கலக்கும் செய்தி என்று குறிப்பிட்டு, இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் உதவுமாறு தூதரகத்தைக் கேட்டுக்கொண்டார். ஏப்ரல் தொடக்கத்தில் அரச மருத்துவ அதிகாரிகள் சங்கம் சுகாதார அவசரநிலை என்று அறிவித்தது. பச்சிளங்குழந்தைகளின் மூச்சுக்குழாயில் செலுத்தும் குழாய்கள் தீர்ந்துகொண்டிருந்ததால், பயன்படுத்தியவற்றைத் தூக்கி எறியாமல் சுத்தம் செய்து மீண்டும் பயன்படுத்துமாறு மருத்துவர்களுக்குச் சொல்ல வேண்டிய நிலை வந்தது. இலங்கை மருத்துவச் சங்கம் ஜனாதிபதிக்கு எழுதிய கடிதத்தில், உடனே மருந்து வராவிட்டால் கொரோனா, சுனாமி, உள்நாட்டுப் போர் மூன்றிலும் போன உயிர்களின் கூட்டுத்தொகையைத் தாண்டிச் சாவு விழக்கூடும் என்று எச்சரித்தது. மருத்துவர்கள் இப்படிப்பட்ட சொற்களை எளிதில் எழுதுகிறவர்கள் அல்ல.

மருந்துப் பட்டியல் இருந்தது. மருத்துவமனைகள் இருந்தன. பயிற்சி பெற்ற மருத்துவர்களும் செவிலியர்களும் இருந்தார்கள். இல்லாமல் போனது டாலர்.

இலங்கை தன் மருந்துத் தேவையில் 80 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. இறக்குமதிக்கு டாலர் வேண்டும். 2019 இறுதியில் நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு சுமார் 760 கோடி டாலர். 2022 மார்ச் இறுதியில் அது 190 கோடி டாலர் அளவுக்கு வந்துவிட்டது, அதிலும் உடனடியாக எடுத்துச் செலவழிக்கக்கூடியது மிகச் சொற்பம். 2019 டிசம்பரில் மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தது, கொரோனாவால் சுற்றுலா வருமானம் நின்றது, 2021இல் ரசாயன உரத்தை ஒரே இரவில் தடை செய்தது என்று காரணங்கள் பல. அவற்றைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. மருந்துக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு முடிவைப் பற்றிப் போதிய அளவு பேசப்படவில்லை என்று நினைக்கிறேன்.

2022 ஜனவரி 18 அன்று, முதிர்வடைந்த ஒரு சர்வதேசக் கடன் பத்திரத்துக்காக இலங்கை 50 கோடி டாலரை முழுமையாகக் கொடுத்தது. கையிருப்பு கரைந்துகொண்டிருக்கிறது, இதை ஒத்திவைத்து மருந்துக்கும் உணவுக்கும் எரிபொருளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்று உள்நாட்டிலேயே பலர் கேட்டுக்கொண்டார்கள். வாக்குத் தவறினால் பெயர் கெட்டுவிடும் என்று அரசு கொடுத்துவிட்டது. இரண்டு மாதங்கள் கழித்துப் பேராதனையில் அறுவை அரங்கு மூடியது. ஏப்ரல் 12 அன்று, அத்தியாவசிய இறக்குமதிக்கு டாலர் வேண்டும் என்று சொல்லி, வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. அந்த அறிவிப்பு வரத்தான் போகிறது என்றால், ஜனவரியிலேயே வந்திருக்கலாம். வீட்டில் பணம் பற்றாத மாதத்தில் வட்டிக்காரருக்கா மருந்துக் கடைக்கா என்று முடிவெடுக்கிற குடும்பத் தலைவிக்கு இருக்கும் சிக்கல்தான் இது, அளவுதான் பெரிது. நிதி நெருக்கடியில் மருந்துக்கு வரும் கேட்டில் பெரும்பகுதி, யாருக்கு முதலில் கொடுப்பது என்ற இந்த வரிசையில் தீர்மானமாகிறது.

டாலரில் தொடங்கி நோயாளி வரை

டாலர் இல்லாமை மருந்து இல்லாமையாக எப்படி மாறுகிறது? துண்டு, போர்வை ஏற்றுமதி செய்யும் நம் ஊர் ஜவுளிக்காரர்களுக்கு எல்.சி. என்றால் விளக்க வேண்டியதில்லை. வாங்குகிறவரின் வங்கி, சரக்கு அனுப்பினால் பணம் நிச்சயம் என்று விற்கிறவரின் வங்கிக்குக் கொடுக்கும் உறுதிமொழி அது. நாடு திவாலாகப் போகிறது என்ற பேச்சு எழுந்தவுடன் வெளிநாட்டு வங்கிகள் அந்நாட்டு வங்கிகளின் எல்.சி.யை ஏற்கத் தயங்குகின்றன. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கிறார்கள். மருந்துக்கு ஆர்டர் போட்டு, தயாராகி, கப்பலேறி வந்து சேரச் சில மாதங்கள் ஆகும். ஆகவே ஜனவரியில் திறக்காத எல்.சி.யின் விளைவு மருத்துவமனை அலமாரியில் தெரிவதற்கு ஏப்ரல், மே ஆகிவிடுகிறது. அதே போல, பணம் வந்த பிறகும் அலமாரி நிரம்ப அத்தனை மாதங்கள் பிடிக்கின்றன. தட்டுப்பாடு பொருளாதாரச் செய்திகளைவிடத் தாமதமாக வந்து, தாமதமாகப் போவதற்கு இதுதான் காரணம்.

இதற்கிடையே நாணய மதிப்பு விழுகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 200 இலங்கை ரூபாய் என்ற அளவில் இருந்தது, மே மாதத்தில் 360ஐ நெருங்கியது. இலங்கையில் பல மருந்துகளுக்கு அதிகபட்ச சில்லறை விலையை அரசு நிர்ணயிக்கிறது. பழைய விலையிலேயே விற்கச் சொன்னால் இறக்குமதியாளர் நஷ்டப்பட்டு மருந்து கொண்டுவர மாட்டார். விலையை ஏற்றினால் வாங்க ஆளிருக்காது. அரசு மார்ச்சில் 29 சதவீதம் ஏற்ற அனுமதித்தது, ஏப்ரல் இறுதியில் 60 மருந்துகளுக்கு மேலும் 40 சதவீதம் ஏற்றியது. அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைவாசி உயர்வு 70 சதவீதத்தைத் தொட்டது, உணவுப் பொருள்களில் அது 95 சதவீதம். ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை, வெளியே வாங்கிக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுக்கப்பட்ட சீட்டோடு ஒருவர் கடைக்குப் போகிறார் என்றால், அவர் சோற்றையும் மாத்திரையையும் ஒரே பணத்தில் வாங்க வேண்டியிருந்தது.

இன்னொன்றும் அதே நேரத்தில் நடக்கிறது. தனியார் மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்த நடுத்தரக் குடும்பங்கள் அரசு மருத்துவமனைக்குத் திரும்புகின்றன. சேலத்தில் ஐந்து ரோட்டையும் நான்கு ரோட்டையும் சுற்றியுள்ள தனியார் மருத்துவமனைகளுக்குப் போகும் கூட்டத்தில் பாதி ஒரே மாதத்தில் அரசு மருத்துவமனை வாசலுக்கு வந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கையிருப்பு குறையும் வேகமும் கூட்டம் கூடும் வேகமும் சேர்ந்துகொள்கின்றன.

சுகாதார பட்ஜெட்டின் அமைப்பும் மருந்துக்கு எதிராகவே வேலை செய்கிறது. அரசு சுகாதாரச் செலவில் பெரும்பங்கு சம்பளம். அதை வெட்டினால் மறுநாளே வேலைநிறுத்தம். வெட்டக்கூடியதாகக் கையில் மிஞ்சுவது மருந்து, உபகரணப் பழுது, புதிய கட்டடம், காலிப் பணியிடம். மருந்துக்கு வேலைநிறுத்தம் செய்யத் தெரியாது. நோயாளிகளுக்குச் சங்கமும் கிடையாது.

ஜூன் மாத இறுதியில் பெட்ரோல், டீசல் விற்பனையை அத்தியாவசியப் பணிகளுக்கு மட்டும் என்று இலங்கை அரசு நிறுத்தியது. அத்தியாவசியப் பணியாளர் பட்டியலில் இருந்தும் மருத்துவர்களும் செவிலியர்களும் வேலைக்கு வர முடியாமல் எரிபொருள் வரிசையில் நின்றார்கள். அதே மாதத்தில், அரசு ஊழியர்கள் ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமில்லா விடுப்பில் வெளிநாடு போய் வேலை செய்யலாம் என்று அரசு அனுமதித்தது. டாலர் அனுப்புவார்கள் என்ற கணக்கு. அடுத்த இரண்டு ஆண்டுகளில் மருத்துவர்கள் நூற்றுக்கணக்கில் நாட்டை விட்டுப் போனார்கள். மருந்தைக் கப்பலில் கொண்டுவந்துவிடலாம். பதினைந்து ஆண்டு அனுபவமுள்ள ஒரு மயக்க மருந்து நிபுணரைக் கப்பலில் கொண்டுவர முடியாது. நெருக்கடி முடிந்துவிட்டது என்று நிதியமைச்சகங்கள் சொல்லும்போது இந்த இழப்பு அவர்களுடைய கணக்கில் வருவதேயில்லை.

அவசரத்தில் வாங்கிய மருந்து

தட்டுப்பாட்டைவிட எனக்கு அதிகம் கவலை தருவது இந்தப் பகுதி. மருந்து இல்லை என்ற கூக்குரல் எழுந்ததும், வழக்கமான பதிவும் பரிசோதனையும் டெண்டரும் தாமதம் என்று ஒதுக்கப்படுகின்றன. அவசரக் கொள்முதல் என்ற பெயரில் கதவு திறக்கிறது. நல்லவர்களோடு மற்றவர்களும் அந்தக் கதவு வழியாக வருகிறார்கள். 2023இல் கண் அறுவை சிகிச்சைக்குப் பின் போடப்பட்ட சொட்டு மருந்தால் பார்வை பாதிக்கப்பட்டதாக நுவரெலியாவில் புகார் எழுந்தது. அது இந்தியாவிலிருந்து போன மருந்து. அதே ஆண்டில் தரமற்ற இம்யூனோகுளோபுலின் (நோய் எதிர்ப்புப் புரதம்) மருந்து அரசு மருத்துவமனைகளுக்கு வாங்கப்பட்டது வெளியே வந்தது. அந்தக் கொள்முதல் குறித்த விசாரணையில், சுகாதார அமைச்சராக இருந்த கெஹெலிய ரம்புக்வெல 2024 பிப்ரவரியில் கைது செய்யப்பட்டார்.

சேலம் கிடங்கில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவு வரும்வரை சரக்கைப் பிடித்துவைப்பது, வெளியே நின்று பார்ப்பவருக்கு அரசாங்க மந்தம்போலத் தெரியலாம். நெருக்கடிக் காலத்தில் முதலில் தளர்த்தச் சொல்லி அழுத்தம் வருவது அங்கேதான். அதைத் தளர்த்தினால் மருந்து வந்ததுபோல் இருக்கும், நோய் தீராது.

கிரேக்கமும் அர்ஜென்டினாவும்

இது ஏழை நாடுகளின் கதை மட்டுமல்ல. கிரேக்கம் 2010இல் கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகளை ஏற்றபோது, அரசின் சுகாதாரச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதும் அவற்றில் ஒன்றாக இருந்தது. மருத்துவமனைகள் மருந்து நிறுவனங்களுக்கு வைத்திருந்த பழைய பாக்கிக்கு ரொக்கம் இல்லாமல் அரசுப் பத்திரம் கொடுத்தார்கள். பின்னர் அந்தப் பத்திரங்களின் மதிப்பே வெட்டப்பட்டது. அரசு விலையைக் குறைத்ததும் நோவோ நார்டிஸ்க் நிறுவனம் 2010இல் தன் இன்சுலின் பேனாக்களைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. வேலையோடு மருத்துவக் காப்பீட்டையும் இழந்தவர்கள் லட்சக்கணக்கில் பெருகினார்கள். 2016இல் சட்டம் கொண்டுவந்த பிறகே அவர்களுக்கு அரசு மருத்துவமனைக் கதவு முழுமையாகத் திறந்தது.

கிரேக்கத்தில் ஊசி மூலம் போதைப்பொருள் எடுத்துக்கொள்வோரிடம் ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து புதிய எச்.ஐ.வி. தொற்றுகள் என்று இருந்தது, 2011இல் 200ஐத் தாண்டியது. 1974இல் மலேரியாவை ஒழித்த நாட்டில், தெற்கே லகோனியா பகுதியில் 2011இல் மலேரியா உள்ளூரிலேயே பரவியது. தடுப்புப் பணிக்கான பணம் மிகச் சிறியது. வெட்டும்போது யாருக்கும் வலிக்காது. அதனாலேயே முதலில் வெட்டப்படுகிறது. கொசு ஒழிப்புப் பணியாளரும் கிராம சுகாதாரச் செவிலியரும் பட்ஜெட் புத்தகத்தில் ஒரு வரிதான்.

அர்ஜென்டினா வேறு வழியில் போனது. 2001 இறுதியில் திவாலாகி, 2002இல் நாணயம் சரிந்து, மக்களில் பாதிப்பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே போன நேரத்தில், அந்த நாடு ரெமெதியார் என்ற திட்டத்தைத் தொடங்கியது. வளர்ச்சி வங்கிக் கடனை மருந்துக்குத் திருப்பி, மொத்தமாக வாங்கி, பெட்டி பெட்டியாக ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு நேராக அனுப்பினார்கள். மருத்துவர்கள் கம்பெனிப் பெயரோடு நிறுத்தாமல் மருந்தின் மூலப் பெயரைக் கட்டாயம் எழுத வேண்டும் என்று அதே ஆண்டில் சட்டமும் வந்தது. நாட்டின் கஜானா காலியாக இருந்தும், நோயாளிக்கு முதலில் என்று வரிசையை மாற்ற முடிந்தது. இலங்கையும் கிரேக்கமும் விட்ட இடத்தை அது பிடித்தது என்பது என் கணிப்பு.

நம் கதை

இந்தியாவும் இந்த விளிம்பில் நின்றதுண்டு. 1991இல் நம்மிடம் இருந்த அந்நியச் செலாவணி ஒரு கட்டத்தில் சுமார் 120 கோடி டாலர், சில வார இறக்குமதிக்குத்தான் போதும். ஜூலையில் 47 டன் தங்கம் இங்கிலாந்து வங்கிக்கு அடகாகப் போனது. ரூபாய் மதிப்பு மூன்று நாளில் இரண்டு முறை குறைக்கப்பட்டது. ஆனால் பேராதனையில் நடந்தது இங்கே நடக்கவில்லை. காரணம், அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன் எடுத்த முடிவுகள். 1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்கு அல்லாமல் அதைச் செய்யும் முறைக்கு மட்டும் காப்புரிமை தந்தது. வேறு முறையில் அதே மருந்தை இந்திய நிறுவனங்கள் தயாரிக்கலாம். அதற்கு முன்பே பிம்ப்ரியில் பென்சிலின் தொழிற்சாலை, பின்னர் ஐ.டி.பி.எல். என்று பொதுத்துறை நிறுவனங்கள் ஆட்களையும் நுட்பத்தையும் உருவாக்கி வைத்திருந்தன. ரூபாயில் வாங்கக்கூடிய மருந்து நாட்டுக்குள்ளேயே இருந்தது.

அந்தப் பலம் இப்போதும் பெரிதுதான், ஆனால் அடித்தளத்தில் ஓர் இடம் அரித்துப்போயிருக்கிறது. மாத்திரையை இங்கே உருட்டுகிறோம், அதற்கான மூலப்பொருளை வெளியிலிருந்து வாங்குகிறோம். இறக்குமதியாகும் மூலப்பொருளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சீனாவிலிருந்து வருகிறது. மலிவான சீனச் சரக்கோடு போட்டியிட முடியாமல் நம் பென்சிலின் ஆலைகள் ஒவ்வொன்றாக நின்றன. 2020 மார்ச்சில் சீனாவிலிருந்து சரக்கு வரத்து தடைப்பட்டபோது, பாராசிட்டமால் உள்ளிட்ட 26 மூலப்பொருள்கள், மருந்துகளின் ஏற்றுமதியை இந்தியா கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. அதற்குப் பிறகே மூலப்பொருள் உற்பத்திக்கு 6,940 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் வந்தது. இன்று நம் கையிருப்பு 60,000 கோடி டாலருக்கு மேல், ஆகவே 1991 திரும்புமோ என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் டாலர் ஏறினால் மூலப்பொருள் விலை ஏறும், டெண்டர் எடுத்த சிறு நிறுவனம் பழைய விலையில் தர முடியாமல் பின்வாங்கும். அந்த வழியாக நெருக்கடி சேலம் கிடங்குக்கு வரலாம்.

இன்னொரு வழி மாநிலத்தின் கஜானா. மாநில அரசு நோட்டு அடிக்க முடியாது. பணம் இறுகும்போது மருந்து வழங்கியவர்களுக்குத் தர வேண்டிய பாக்கியைத் தள்ளிப்போடுவதுதான் சுலபமான வழி, அது சட்டமன்றத்தில் விவாதமாகாது, செய்தியிலும் வராது. கேரளத்தில் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மருந்து வழங்கிவந்தவர்கள், பாக்கி சேர்ந்துபோனதால் 2025 தொடக்கத்தில் வழங்கலையே நிறுத்தினார்கள். பாக்கி வைக்கும் அரசுக்கு அடுத்த டெண்டரில் நல்ல நிறுவனங்கள் விலை போட மாட்டா, போட்டாலும் ஏற்றிப் போடும். தமிழ்நாட்டின் முறை முப்பது ஆண்டுகளாக நிற்பதற்கு, ஒழுங்காகப் பணம் கொடுத்ததும் ஒரு காரணம்.

மலைக்கு மேலே

சேர்வராயன் மலையில் இதை வேறு கோணத்தில் பார்க்க வேண்டும். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. ஆனால் மாரமங்கலமும் கொட்டச்சேடும் செம்மநத்தமும் ஏற்காட்டுக்கும் அப்பால் இருக்கின்றன. எஸ்டேட் கூலிக்காரர் மருந்துக்காக ஒரு நாள் கீழே இறங்கினால் அன்றைய சம்பளம் போய்விடும், பஸ் செலவு தனி. மாத்திரை இலவசம் என்றாலும் அவருக்கு அது இலவசம் அல்ல. போய் நின்று, மருந்து இல்லை அடுத்த வாரம் வாருங்கள் என்று கேட்டுத் திரும்பினால், அடுத்த முறை போகமாட்டார். ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் உடனே ஒன்றும் தெரியாது. சில மாதங்கள் கழித்துப் பக்கவாதமாக வரும்போது அதை மருந்துத் தட்டுப்பாட்டுச் சாவு என்று எந்தப் பதிவேடும் எழுதாது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், இந்த இடத்தைத்தான் குறிவைக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைப் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். மலைக்கிராமத்துக்கு இதன் மதிப்பு நகரத்தைவிடப் பல மடங்கு. அந்தப் பெண்களுக்குக் கிடைப்பது மாதாந்திர ஊக்கத்தொகை, நிரந்தரச் சம்பளம் அல்ல. பணம் இறுகும் காலத்தில் வெட்டுவதற்கு எளிதான வரி அது. மருந்து கிடங்கில் இருக்கும், தூக்கிச் செல்ல ஆள் இருக்கமாட்டார். கிரேக்கத்தில் தடுப்புப் பணிக்கு நடந்ததற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. மருந்து கொள்முதலுக்கு எவ்வளவு பாதுகாப்பு வேண்டுமோ அவ்வளவு பாதுகாப்பு இந்த ஊக்கத்தொகைக்கும் வேண்டும். சேலம் மாவட்டத்தில் இதைச் சட்டமன்ற உறுப்பினர்களிடம் கேட்க வேண்டியவர்கள் மலையில் இருப்பவர்கள் மட்டுமல்ல.

நுவரெலியாவின் தேயிலைத் தோட்டங்களுக்கும் நம் மலைக்கும் உறவு தூரமல்ல. 19ஆம் நூற்றாண்டில் கங்காணிகள் ஆள் திரட்டிப்போன மாவட்டங்களில் சேலமும் ஒன்று. அங்கே தோட்ட மருத்துவமனைகள் பலவற்றை அரசு இன்னும் முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை, ஆகவே நெருக்கடி வந்தபோது மலையகத் தமிழர்களுக்கு ஏற்கெனவே மெலிந்திருந்த சேவைதான் மேலும் மெலிந்தது. வடக்கே யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் இருப்பவர்களுக்கு மருந்துத் தட்டுப்பாடு 2022இல் புதிதாக வந்ததும் அல்ல. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் அதைப் பல ஆண்டுகள் அனுபவித்தவர்கள். சேலம் மாவட்டத்தின் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் அந்த நாட்களைச் சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

2022 ஏப்ரல் 29 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் உதவித் தீர்மானம் நிறைவேற்றியது. 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், 28 கோடி ரூபாய் மதிப்பில் 137 வகை மருந்துகள். முதல் கப்பல் மே 18 அன்று சென்னையிலிருந்து புறப்பட்டது. தமிழர் பகுதிக்கு மட்டும் என்றில்லாமல் இலங்கை மக்கள் அனைவருக்கும் என்று அனுப்பியது எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது. மாநிலத்துக்குள் மருந்து வாங்கிக் கிடங்கில் வைக்கும் பழக்கம் இருந்தது, மருந்துகளை விரைவாகத் திரட்ட உதவியிருக்கும் என்று நினைக்கிறேன். இந்தியாவும் அதற்கு முன் மார்ச்சில் உணவு, மருந்து வாங்க 100 கோடி டாலர் கடன் வசதி தந்திருந்தது.

சர்வதேச நாணய நிதியம் 2023 மார்ச்சில் சுமார் 300 கோடி டாலர் கடனுதவிக்கு ஒப்புதல் தந்தது. கடன் கொடுத்த நாடுகளோடு 2024 ஜூனில் இலங்கை செய்துகொண்ட உடன்பாட்டின்படி, அசலைத் திருப்பிக் கொடுப்பது 2028 வரை தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. அந்த ஆண்டிலிருந்து வெளிநாட்டுக்குப் போகவேண்டிய டாலர் மீண்டும் கூடும், மருந்துக்கான இறக்குமதியும் அதே கையிருப்பிலிருந்துதான் வரவேண்டும். இந்த முறை எந்தச் செலவுக்கு முதல் இடம் என்பதைக் கொழும்பு 2028க்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். தவணை நாள் வந்த பிறகு எழுத உட்கார்ந்தால், 2022 ஜனவரியில் நடந்ததுதான் மறுபடி நடக்கும்.